ராகுகாலத்தில் ஒரு சிவப்புக் கார்

மாமா பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஜனக்புரி வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மத்திய சர்க்கார் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்தவர். கல்யாணம் ஆகும்வரை என்று எங்களோடு தங்கியிருந்தார். தொண்ணூறுகளில் எங்கள் தெரு முழுக்க ஸ்கூட்டர்கள்தான். மாமாவுக்கோ இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற கார் வேண்டுமாம். "பிள்ளை பொறந்தா டிக்கியிலயா படுக்கவைப்பான்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

சோற்றில் கைவைத்ததும் மாமாவின் பாடம் ஆரம்பித்துவிடும். "முத விதி என்ன? நாம போகும்போது எஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும். பானட்டுல கைய வச்சுப் பாக்கணும். சூடா இருந்தா, அவன் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வண்டியோட இருமல மறைச்சிட்டான்னு அர்த்தம்." அடுத்தது காந்தம். அடி வாங்கிய இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. கதவு இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். நான்கு டயரும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்க வேண்டும். "இந்த மாதிரி வண்டிய ஆபீசுக்கு ஓட்டுறதுக்கு எவனும் வாங்கமாட்டான். விரட்டோ விரட்டுன்னு விரட்டியிருப்பான். அதனால எதையும் நம்பக்கூடாது." ஒத்திகைக்காகப் பக்கத்து வீட்டு மாருதியில் காந்தத்தை வைத்துப் பார்த்து, அந்த வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அம்மா மறுநாளைக்குக் கீரை ஆய்ந்தபடி "ம்" கொட்டுவாள். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கார் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸில் பிக்பாக்கெட் பயம் என்று மாமா தன் ஆறு வருஷச் சேமிப்பு முழுவதையும் அம்மாவின் கைப்பையில் வைத்திருந்தார். அது அவருடைய கல்யாணத்துக்கென்று அம்மா நச்சரித்து நச்சரித்துச் சேர்க்கவைத்த பணம். மாமாவின் ஹிந்தி அவசரத்தில் திக்கும் என்பதால் ஒன்பது வயசுச் சிறுமியான நானும் கூடப் போனேன். டெல்லியிலேயே பிறந்த எனக்குத் தமிழைவிட ஹிந்தி நன்றாக வரும்.

சாணக்யபுரிக்குப் பக்கத்தில் பெரிய பங்களா. வாசலில் கார் நின்றது. அடேயப்பா, என்ன சிவப்பு! யாரோ தூதரகக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். தோல் ஜாக்கெட் போட்டிருந்த இப்போதைய சொந்தக்காரர் கதவைத் திறந்துவிட்டார். மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார், அவ்வளவுதான், ஒரு மாதப் பாடமும் போயே போச்சு. சொந்தக்காரர் எது சொன்னாலும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். காந்தம் பையிலேயே கிடந்தது.

அம்மா பானட்டில் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன். ஊரே நடுங்குகிற குளிரில் அது அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிவைத்த பால்சட்டி மாதிரி இருந்தது. முதல் விதி! எனக்குத் தெரிந்துவிட்டது என்ற பெருமையில் "மாமா, சூ..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "சும்ம இருட்டி" என்றாள், உதடு அசையாமல்.

மாமா இறங்கி வந்தார். "வண்டி பிரமாதம்க்கா. பணத்த எடு."

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலரை தாண்டிட்டு தம்பி. ராகுகாலம். ஆறு மணி கழியட்டும். அதுவரைக்கும் பணமும் கைமாறக்கூடாது, சாவியும் போடக்கூடாது."

"இது டெல்லிக்கா! இங்க எங்க வந்துச்சு ராகு?"

"சூரியன் இருக்குல்லா? அப்ப ராகுவும் இருக்கும்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ராகுகாலம் பார்த்ததில்லை. வாராவாரம் ஞாயிறு சாயங்காலம் அதே நேரத்தில்தான் அம்மா காய்கறி வாங்கக் கிளம்புவாள். ஆனாலும் சொன்னதை ஹிந்தியில் சொந்தக்காரரிடம் சொன்னேன். ராகு என்ற பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது, தினமும் ஒன்றரை மணி நேரத்தை ராகுவுக்கு எழுதிவைக்கிற வழக்கம்தான் தெரியவில்லை. நெற்றியைச் சொறிந்தார். பிறகு டீ வந்தது, பக்கோடா வந்தது. வேறு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறது என்றார். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருட்டிவிடும், ஜல்தி ஜல்தி என்றார். அம்மா அசையவில்லை. சரி, சத்தத்தையாவது கேளுங்கள் என்று அவர் சாவியோடு எழுந்தபோது அம்மாவும் எழுந்துபோய்க் காருக்கு முன்னால் நின்றுகொண்டாள். கடைத்தெருவில் பேரம் பேசக் கற்றுக்கொண்ட ஹிந்தியில், "நஹி பையா. சே பஜே" என்றாள், ஆறு மணிக்குத்தான் என்று.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தான் ஒரு ஓட்ட ஸ்கூட்டர்லயே காலத்த ஓட்டிட்டாரு. நான் கார் வாங்குறது ஒனக்குப் பொறுக்கல. அதானக்கா?"

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கு மாமாவை அடிக்க வேண்டும்போல இருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மணிக்குப் பேசிக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் குளிரில் உட்கார்ந்திருந்தோம். பக்கோடா ஆறிப்போனது.

ஆறு அடித்தது. அம்மா எழுந்து பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பப் போடச் சொல்லு தம்பி" என்றாள்.

சாவியைத் திருப்பினார்கள். கார் இருமியது. மறுபடி திருப்பினார்கள், மறுபடி இருமியது. ஒருவழியாக அது உயிர்பெற்றபோது உள்ளேயிருந்து டக்டக்கென்று யாரோ சுத்தியலால் தட்டினார்கள். பின்னாலிருந்து கிளம்பிய நீலப் புகையில் வாசல் விளக்கே மங்கிப்போனது. "சர்தி ஹை, சர்தி" என்று குளிரின்மேல் பழியைப் போட்டார் சொந்தக்காரர். மாமாவின் முகம் செத்துவிட்டது. மெதுவாகப் பையில் கையைவிட்டுக் காந்தத்தை எடுத்து முன்சக்கரத்துக்கு மேலே வைத்தார். அது ஒட்டாமல் தரையில் விழுந்தது. கதவுக்குக் கீழே வைத்தார். அங்கும் விழுந்தது. குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு, "வாக்கா, போலாம்" என்றார்.

பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும்தான் திறந்தார்.

"பானட்டத் தொட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அத்தான். கொதிக்குது! நேரா கேட்டா அவன் உஷாராயிருவாம்லா? அதான் அக்காவப் பாத்துக் கண்ணக் காட்டினேன். அக்கா டக்குன்னு ராகுகாலத்தப் பிடிச்சுக்கிட்டா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவின் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஆமா, அவன் கண்ணக் காட்டலேன்னா எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள். "நல்லாச் சாப்பிடு தம்பி. வேற வண்டி கெடைக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா பானட்டைத் தொடவே இல்லை! கண்ணைக் காட்டவும் இல்லை, முறைக்கத்தான் முறைத்தார். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று அம்மாவைப் பார்த்தேன். மறுபடி கிள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. மாமா சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், நடந்தது எல்லாமே அம்மாவுக்கு அதற்குள் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, என் தட்டிலிருந்த அப்பளத்தில் பாதியை ஒடித்து அவளுக்குக் கொடுத்தேன்.