துணிக்கடையில் ஒரு சபை

கடை மூடுவதற்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளே வந்து ஊதா நிறப் பட்டு வேண்டும் என்று கேட்டார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் புடவைக் கடை வைத்திருக்கிற எனக்கு அது புதிய கேள்வி இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்து விரித்தேன். அவர் தலையை அசைத்தார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டிய ஊதா உறைந்த இரத்தம் மாதிரி இருக்க வேண்டும்" என்றார்.

கலியாணத்துக்குப் புடவை எடுக்க வருகிற யாரும் இப்படி ஒரு நிறம் கேட்டதில்லை. அலமாரியின் அடித்தட்டில் யாருக்கும் பிடிக்காமல் கிடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அரக்கும் நாவற்பழமும் கலந்த நிறம். அதை அவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

பக்கத்து நூலகத்தில் மாலை வகுப்பு நடத்துகிறாராம். பழைய கிரேக்க, ரோமப் பெண்களின் வரலாறு. அந்தக் காலத்து ஊதா எப்படி இருந்தது என்று மாணவர்களுக்குக் காட்டத்தான் இந்தத் துணி. "பிலிப்பி நகரத்தில் உங்களைப் போல ஒரு பெண் இருந்தாள், ஊதாத் துணி வியாபாரி" என்று தொடங்கினார்.

எனக்குத் தெரியும் என்றேன். யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் இருந்தே எங்கள் கத்தோலிக்கக் கோவில் பூசையில், பைபிள் வாசிக்கும்போது அவளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் மனம் திரும்பியதைப் பற்றித்தான் எல்லா மறையுரையும் இருக்கும். அவளுடைய வியாபாரத்தைப் பற்றி யாரும் பேசினதில்லை. இந்த ஆசிரியை வியாபாரத்தில் இருந்துதான் தொடங்கினார். விலையுயர்ந்த சரக்கு, பிற ஊரில் இருந்து வந்து தொழில் செய்கிறவள், சொந்த வீடு, அவள் சொல் கேட்கும் வேலையாட்கள். ஞானஸ்நானம் பெற்ற கையோடு திருத்தூதர் பவுலையும் கூட வந்தவர்களையும் தன் வீட்டில் தங்கத்தான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றிருக்கிறாள். பிறகு அந்த ஊரில் விசுவாசிகள் கூடியதும் அவள் வீட்டில்தான்.

"கணவன்?" என்று கேட்டேன்.

"அவனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை" என்றார்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "அந்தாள் பாவம், பைபிள் எழுதின ஆக்கள் வரேக்க ஷிப்டில நிண்டிருப்பான்" என்றார்.

அடுத்த கிழமையில் இருந்து நானும் அந்த வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். என் ஆங்கிலம் கடை ஆங்கிலம். சில மாலைகளில் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதி என்னை விட்டுப் போகவில்லை. ரோமப் பெண்கள் பலருக்குச் சொத்துக் கைமாற்ற ஓர் ஆண் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அப்படி இருந்தும் தறி, சாயம், மருத்துவச்சித் தொழில் என்று உழைத்து, கல்லறைக் கல்லில் தங்கள் தொழிலைப் பொறித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். சாயம் போடுகிறவர்களின் கை நாற்றம் கழுவினாலும் போகாது. அந்தக் கைகளில் பல அடிமைகளின் கைகள். ஒரு நாள் ஆசிரியை இரண்டு அடிமைப் பெண்களைப் பற்றிச் சொன்னார். கிறிஸ்தவர்களை விசாரித்த ரோம ஆளுநர் ஒருவர், உண்மையை வரவழைக்க அவர்களை வதைத்திருக்கிறார். ஏன் அவர்களை? தங்கள் சபையில் அவர்கள்தான் திருப்பணியாளர்கள். சந்தையில் விலைபோகக்கூடிய இரண்டு பெண்கள், பிரார்த்தனையில் மற்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் கோவில் மண்டபத்தின் கூரை ஒழுகிச் சீலிங்கில் ஒரு பகுதி விழுந்தது. திருத்தி முடிக்கும் வரை மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். புதன்கிழமை தமிழ்ச் செபக்கூட்டத்துக்கு இடம் இல்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் முன்னறையைக்கூட வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒருவர் நகரத்தின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில், தன் மகனின் வீடு பெரிது என்றார். கிழக்கு லண்டனில் இருந்து வேலை முடிந்து அங்கே போய்ச் சேருவதற்குள் செபம் முடிந்துவிடும்.

"என்ர கடையில வைப்பம்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது.

கூட்டத்தை வருடக்கணக்காக நடத்தி வருகிறவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை. எழுபதைத் தாண்டியவர், ஒழுங்கானவர். பூசை வைக்கிற சாமியார் வராத நாட்களில் செபமாலை தொடங்குவது, மன்றாட்டுகள் வாசிப்பது எல்லாம் அவர்தான். அவருக்கு என் யோசனை பிடிக்கவில்லை.

"சீலை தொங்கிற இடத்திலயோ செபம் சொல்லுறது, பிள்ளை?"

"முதல் சபையெல்லாம் வீட்டிலயும் கடையிலயும்தானே அண்ணை கூடினது. பிலிப்பியில துணி வித்த மனுசியின்ர வீட்டில."

"அது சரி. கூடினது அவவின்ர வீடு. கதைச்சது ஆம்பிளையள். சபையில பொம்பிளையள் வாய் திறக்கக்கூடாதெண்டு சின்னப்பரே கடிதத்தில எழுதிப்போட்டார்." பவுலடிகளை அவர் இன்னும் அந்தப் பழைய பெயரால்தான் சொல்வார்.

வகுப்பில் இதைப் பற்றியும் பேசியிருந்தோம். "அதே சின்னப்பர் அதே கடிதத்தில, பொம்பிளையள் செபம் சொல்லேக்க தலையை மூட வேணுமெண்டும் சொல்லுறார். வாய் திறக்காம எப்பிடி அண்ணை செபம் சொல்லுறது?"

அவர் தன் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், குனிந்து கைப்பையில் எதையோ தேடினார்.

இடம் வேறு கிடைக்காததால் என் கடையே முடிவானது. புதன் மாலை ஸ்டாண்டுகளைச் சுவரோடு தள்ளினோம். பக்கத்து நகைக்கடைக்காரர் சைவ சமயத்துக்காரர். கேட்காமலே எல்லோரும் உட்காரக் கதிரைகள் கொண்டுவந்து தந்தார். மடு மாதா படத்தை யாரோ கல்லாவில் கார்ட் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அண்ணை செபமாலையைத் தொடங்கினார். முடிந்ததும் மன்றாட்டுகள் எழுதிய தாளை எடுத்தார்.

இது என் கடை என்ற தைரியத்தில் கேட்டேன். "அண்ணை, இண்டைக்கு ஆருக்கு என்ன மன்றாட்டோ அவையளே சொல்லட்டுமே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து மடியில் வைத்தார். "சொல்லுங்கோ" என்றார்.

வெளியே பஸ் நின்று போகும் சத்தம். கேட்டிருக்கக் கூடாதோ என்று நான் நினைக்கத் தொடங்கியபோது, தொங்குகிற சுரிதார்களுக்குக் கீழே ஸ்டூலில் இருந்த அக்கா கண்களை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

விமானத்துக்குச் சாப்பாடு பொதி செய்கிற தொழிற்சாலையில் அவர் பல வருடம் வேலை செய்தவர், அண்மையில்தான் நின்றார். அங்கே கூட வேலை செய்த பெண்களுக்காக மன்றாடினார். மகன் சிறையில் இருக்கிற கானாக்காரிக்காக. குழந்தையை இழந்த போலந்துக்காரிக்காக. விசா முடிவு வராமல் தூக்கம் இல்லாத பிலிப்பீன்ஸ் பிள்ளைக்காக. ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைத்தார். குரல் சின்னது, ஆனால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முதல்முறை பேசுகிறவரின் குரலாக அது இல்லை.

அண்ணை மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் "ஆமென்" சொன்ன பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்த ஆக்களின்ர கதையெல்லாம் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"சாப்பாட்டு நேரத்தில நாங்கள் சேர்ந்து செபிக்கிறனாங்கள்."

"ஆர் சொல்லுறது?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "நான்தான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில. மேசையில இடமில்லாட்டி பெட்டியளுக்குப் பக்கத்தில நிண்டு சொல்லுவம். இப்பவும் ஞாயிறில போன் எடுப்பினம்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

யாரோ சிரித்தார்கள். அண்ணையும் சிரித்துவிட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த இரண்டு அடிமைப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுடைய பெயர்கூட இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவர்களுடைய பிரார்த்தனையும் இப்படித்தான் இருந்திருக்கும்: வேலைக்கு நடுவில், நின்றபடி, ஒருத்தியின் கஷ்டத்தை இன்னொருத்தி தெரிந்துகொண்டு.

அதற்குப் பிறகு கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரு புதன் அண்ணை தொடங்குவார், மறு புதன் அக்கா. ஒருவரும் தீர்மானம் எடுக்கவில்லை; அப்படியே நடந்தது. எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதுவரை பின்வரிசையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தமாகச் செபிக்கத் தொடங்கினார்கள். என் கணவரும் ஷிப்ட் இல்லாத புதன்களில் வந்து வாசலோரம் இருந்தார்.

வசந்தத்தில் மண்டபம் திறந்தபோது சாமியார் வந்து, இனி அங்கே யார் நடத்துவது என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம்.

"என்ர மனுசி நல்லாச் சொல்லுவா, சுவாமி" என்றார் அவர். "நான் கதிரை அடுக்கிறன்."

திறந்த முதல் புதன் அன்று அக்காவின் பழைய தொழிற்சாலைத் தோழிகளும் வந்தார்கள். கானாக்காரிதான் முதலில் உள்ளே நுழைந்து அக்காவைக் கட்டிப் பிடித்தார். அவருடைய மகன் விடுதலையாகி வந்துவிட்டானாம். செபமாலை ஐந்து மொழிகளில் நடந்தது. வழக்கத்தை விட நீண்ட நேரம் எடுத்தது. ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. முடியும் நேரம் அண்ணை சமையலறை வாசலில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், யார் யாருக்குத் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.