தள்ளாடி இறங்கிய நாய்

சென்னையில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் மருத்துவராக இருந்தேன். நோயறிவதில் என் சொல்லை மறுத்துப் பேசியவர் அன்று எவருமில்லை.

ஒருநாள், திருவரங்குளத்துப் பக்கமிருந்து விவசாயி ஒருவர் தம் நாயை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். அதன் கீழ்த்தாடை தொங்கிக்கிடந்தது. எச்சில் ஓயாமல் வடிந்தது.

“ஊரே வெறிங்குதுங்கய்யா. அடிச்சுப் போட்டுருவாக. பத்து நாளைக்கு முந்தி மாடு ஒதைச்சத நான் பாத்தேன், யாரு நம்புறாக?”

வெறி கண்ட நாய்க்கும் தாடை இப்படித் தொங்குவதுண்டு. ஆனால் வெறியானால் அத்தனை நாள் உயிர் தங்கியிராது. அவர் ஊற்றிய கஞ்சியிலேயே அது பிழைத்திருந்தது. முறிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊராருக்குத்தான் சான்று தேவைப்பட்டது.

எங்களிடம் எக்ஸ்ரே கருவி இல்லை. டாக்டர் நண்பர் ஒருவர், நோயாளிகள் இல்லாத மதிய வேளையில் தம் மருத்துவமனையில் இடமளித்தார். அங்கே படமெடுப்பவர் சிரித்தார்.

“மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்லுவேன் சார். இவருகிட்ட என்னத்தச் சொல்றது?”

மயக்க மருந்து செலுத்தி, நாயைக் குப்புறக் கிடத்தி, தாடையைப் படத்தகட்டின்மேல் வைத்தேன். இரு கண்களும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். தலை சற்றே சாய்ந்தாலும் இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. கழுத்தருகே மணல்மூட்டைகள் அணைத்து, மூக்கின் குறுக்கே துணிநாடா கட்டி விலகினோம். ஈரம் உலராத படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, தாடையின் இருபுறமும் முறிவு தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் கம்பியிட்டுக் கட்டுவதென்று முடிவு செய்தேன்.

மயக்கம் முழுதும் தெளியும்வரை நாய் என் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றேன்.

“மாட்டுக்குத் தண்ணி காட்ட வீட்ல ஆளில்லைங்க. கருக்கல்ல கொண்டாந்துர்றேன்” என்று அவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

விடிந்ததும் வெறுங்கையோடு வந்து நின்றார்.

“வண்டிய விட்டு எறங்குனதும் தள்ளாடுச்சுங்க. பாத்தியளா, வெறி முத்திப்போச்சுன்னாக. மயக்க மருந்துன்னு நான் கத்துனத யாரும் கேக்கல. மாட்ட அவுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள முடிச்சுட்டாக.” பிறகு, “அந்தப் படத்தக் குடுங்கய்யா, அவுகளுக்குக் காட்டணும்” என்றார்.

கொடுத்தேன். காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. அதன்பின், மயக்கம் தெளியாத எந்த விலங்கையும் எவர் கெஞ்சியும் நான் வெளியே அனுப்பியதில்லை.

வெறிநாய் என்று தெரியாமல் வைத்தியம் பார்த்த டாக்டர் என்று அவ்வூரில் என்னைக் குறித்து இன்றும் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். அந்த நாய்க்கு வெறி இல்லை. தாடை முறிந்திருந்தது.