பெருக்கினா பெருகும்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக். ஆறாம் வகுப்பில் அவர் வாயைத் திறந்தால், நாலு அறை தள்ளி வரலாறு கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து கணக்கு படித்துவிடும். பெயர் காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. நல்ல மைக்கா, கரகர மைக்கா என்றுதான் விசாரித்தார்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரே வரியில் இருந்தது. "பெருக்கினா பெருகும், வகுத்தா வத்தும்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே கட்டிய வரி. வகுப்பு முழுவதையும் பாட்டாகச் சொல்லவைப்பார். என்றைக்கோ படித்த மாணவர் ஒருவர், இப்போது மீசையும் தொப்பையுமாக மார்க்கெட்டில் எதிரே வந்தால், வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் பாடுவார். டீச்சருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

அந்த வரிதான் காலை வாரிவிட்டது.

பின்னக் கணக்குத் தேர்வில் பாதி வகுப்பு தேறவில்லை. தேறாதவர்களை மார்க் குறைந்தவர்களுக்கென்று மாடியில் இருக்கும் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். மாடிக்குப் போன பிள்ளை அதற்கப்புறம் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டதாகச் சரித்திரமே இல்லை. டீச்சர் விடைத்தாள்களை வீட்டுக்குத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினார். வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவருக்கு இதெல்லாம் பழகிப்போச்சு.

மார்க்கை விட்டுவிட்டு யார் எங்கே தவறினார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்த டீச்சர், அரையை அரையால் பெருக்கச் சொன்ன கேள்வியில் நின்றுவிட்டார். தாளுக்குத் தாள், 'கால்' என்று சரியாக எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். காப்பி அடித்தார்கள் என்றால் முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் எப்படி ஒத்துப்போகும்?

மறுநாள், வாலு என்று பெயரெடுத்த பெண்ணைக் கூப்பிட்டு, சரியாகப் போட்டதை ஏன் அடித்தாய் என்று கேட்டார்.

"கால், அரையை விடச் சின்னது டீச்சர். பெருக்கினா பெருகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார். "மேடம், இத்தனை பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருந்தா அது அவங்க தப்பு இல்ல. நான் சொல்லிக்கொடுத்த தப்பு. மாடிக்கு அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க." தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வாரம் தருவதாகவும், மறுதேர்வுக்குக் கேள்விகளைத் தானே எழுதுவதாகவும் சொன்னார்.

அந்த வாரம் வகுப்பில் பாட்டு கிடையாது. இரண்டு பின்னங்களுக்கு நடுவே பெருக்கல் குறி வந்தால் அதை 'இல்' என்று வாசிக்கச் சொன்னார் டீச்சர். அரையில் அரை. பிள்ளைகள் சாக்பீஸை ஒடித்தார்கள். ஒடித்த பாதியை மறுபடி ஒடித்தார்கள். கால் கையிலேயே இருந்தது. கிளாஸ் ரூமைப் பெருக்கினால்கூடக் குப்பை குறையத்தானே செய்கிறது என்றாள் வாலு. அது வேறு பெருக்கல் என்று அதட்ட வாயெடுத்த டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுதேர்வில் இரண்டு பேர்தான் தடுமாறினார்கள். அவர்களும் இங்கேயே இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியையே சொல்லிவிட்டார். செய்தியைச் சொன்னதும் எழுந்த கூச்சலில் மைக்கே தோற்றுப்போனது. சத்தம் அடங்கியதும் டீச்சர் கரும்பலகையில் தன் பழைய வரியை எழுதி, சிவப்பு சாக்பீஸை வாலுவிடம் நீட்டினார்.

"இது என் விடைத்தாள். மார்க் போடு."

வாலு கொஞ்சம் யோசித்தாள். பெரிய எண்களுக்கு அது சரியாகத்தான் வருகிறது, முட்டை போட்டால் பாவம் என்று சொல்லி, பக்கத்தில் அரை மார்க் போட்டாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாரக் கடைசியில் அந்தத் தொப்பைக்காரர் மார்க்கெட்டில் எதிரே வந்தார். வழக்கம்போல் பாட்டை எடுத்தார். டீச்சர் அவரை நிறுத்தி, கையில் இருந்த பையைக் கீழே வைக்கச் சொன்னார்.

"அதுக்கு அரை மார்க்குதான்ப்பா போட்டிருக்காங்க. இப்படி ஓரமா வா, மீதியைச் சொல்லித் தர்றேன்."