மாதா பீடத்தில் நின்ற புட்டி

என் தம்பி சவரிநாதனுக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு புட்டி. மகள் இமெல்டாவின் கல்யாணத்தன்று அதைத் திறந்து, வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊற்ற வேண்டும். வேறெதற்கும் அவன் அப்படி ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

எண்ணூரில் எங்கள் குப்பத்திலிருந்து சரக்குக் கப்பலுக்கு மெக்கானிக்காகப் போனவன். பிரான்சில், போர்தோ துறைமுகத்தில் கால் உடைந்தது. கப்பல் அவனை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. அங்கே மாதா கோயிலுக்கு வருகிற ஒரு கிழவர் தன் திராட்சைத் தோட்டத்தில் தங்கவைத்தார். கால் தேறியதும் அறுவடைக்குப் பழம் வெட்டினான். அங்கே கொடி பந்தலில் ஏறாதாம், இடுப்பளவுதான். மண் முழுக்கக் கூழாங்கல். ஒவ்வொரு வரிசை முனையிலும் ஒரு ரோஜாச் செடி. நோய் வந்தால் கொடிக்கு முன்னால் ரோஜா வாடும், அதைப் பார்த்து மருந்தடிப்பார்கள் என்பான்.

அந்த அறுவடையின்போதுதான் இங்கே இமெல்டா பிறந்தாள். அந்த வருஷத்து ஒயின் பீப்பாயில் கிடந்து புட்டிக்கு வந்த பிறகு, கப்பல் மறுபடி அங்கே போனபோது கிழவர் ஒன்றைக் கொடுத்தார். பெண்ணோடு இதுவும் வளரட்டும், இருட்டில் குளுமையாகப் படுக்கவை, நிறுத்தினால் தக்கை காய்ந்து ஒயின் கெட்டுவிடும் என்றாராம்.

தம்பி கட்டிலுக்கு அடியில் ஈரமணலில் படுக்கவைத்துவிட்டுக் கப்பலேறினான். திரும்பி வந்தால் புட்டி வீட்டு மாதா பீடத்தில் நிற்கிறது, பக்கத்தில் மெழுகுவர்த்தி.

"இன்னா மே இது?"

"பூசைல சாமி ரத்தமாவுற திராட்ச ரசம். செருப்பு கூடவா படுக்க வெப்பாங்க?" என்றாள் அவன் பெண்டாட்டி அடைக்கலமேரி.

"அய்ய, இது ஒயினு மே."

"நீ குட்ச்சா ஒயினு. மாதா முன்னாடி ரசம்."

அவன் படுக்கவைப்பான், கப்பலேறியதும் அவள் நிறுத்துவாள். பங்குச் சாமியார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே மெழுகுவர்த்தி. கடைசியில் தம்பி விட்டுவிட்டான்.

கால் பழையபடி வரவில்லை. கப்பல் வேலை நின்று, அனல்மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பல் போகிற குழாய் ஒட்டுகிற ஒப்பந்த வேலைக்குப் போனான். எங்கள் தெருவில் காயப்போட்ட துணியிலும் சாம்பல், சோற்றிலும் சாம்பல். அவனுக்கு அது நெஞ்சுக்குள் போய்விட்டது. நுரையீரல் கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

"அக்கா, நம்ம தெருவுக்கு நாந்தான் அந்த ரோசா. என்னப் பாத்தாவது மருந்தடிக்கிறானுங்களா பாரு" என்று சிரித்தான். சிரித்தால் இருமல் நிற்காது. மருந்தடிக்க யாரும் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை இவன் தாங்கமாட்டான் என்று, தபசு தொடங்குவதற்கு முந்தின வாரமே இமெல்டாவுக்குத் தாலி கட்டினோம். கோயிலிலிருந்து எல்லோரும் நேராக அவன் கட்டிலுக்கு வந்தோம். மாப்பிள்ளை புட்டியைத் திறந்தான். தக்கை தூளாகக் கொட்டியது. கெட்டுப்போனது வாசனையிலேயே தெரிந்துவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்த தம்பிக்கு மட்டும் தெரியவில்லை.

"நல்லாகீதுனு சொல்லு அண்ணி" என்று அடைக்கலமேரி என் கையைக் கிள்ளினாள்.

"எப்டிகீது அக்கா?" என்றான்.

சாகப்போகிறவனிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது. அதற்காக இன்றைக்கும் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

"காடியாப் பூட்ச்சிடா."

ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி நாக்கில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சப்பினான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"மேரி, நல்லதெல்லாம் மாதா குட்ச்சிட்டா போலகீது."

அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"ஊத்துங்க. ஆளுக்கு ஒரு வாய்" என்றான். ஒருவர் பின் ஒருவராகக் கட்டிலோரம் நின்று அந்தப் புளிப்பை விழுங்கினோம். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தபசு தொடங்குகிற சாம்பல் புதன் அன்று சாமியார் வீட்டுக்கு வந்து அவன் நெற்றியில் சாம்பல் பூசினார். "இன்னும் வோணுமா ஃபாதர்?" என்று கேட்டான். அந்த வாரமே போய்விட்டான்.

பெட்டியை மூடுமுன் அடைக்கலமேரி காலிப் புட்டியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் படுக்கவைத்தாள். இப்போதுதான் படுக்கவைக்கத் தெரிந்ததா என்று கேட்க வாய் வரை வந்தது.