விஜயராணி ஸ்கோப் மாட்டுகிறாள்

கண்ணை மூடிக்கொண்டுதான் விஜயராணி துப்பாக்கியைத் தோளில் ஏற்றுவாள். கன்னம் கட்டையில் பதிந்து, கழுத்து தளர்ந்த பிறகே கண் திறக்கும். துப்பாக்கியின்மேல் மாட்டிய குறிபார்க்கும் குழலான ஸ்கோப்புக்குள் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பிறை போலக் கறுப்பு தெரிந்தால் ஸ்கோப்பை நூலளவு முன்னே தள்ளிவிட்டு, மறுபடி கண்ணை மூடுவாள். “நாம எட்டிப் பாக்கக் கூடாது. அது நம்ம கண்ணுக்கு வந்து நிக்கணும்” என்பாள்.

பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி திருப்பூருக்கு வந்தவள். மகளைச் சேர்க்கத்தான் ரைபிள் கிளப் படியேறினாள். மகளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது, அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது. பல்லடம் சாலையில், நூல் கிடங்காக இருந்த கொட்டகையில் கிளப் நடக்கிறது. ஞாயிறு தவறாமல், வாயில் ஏலக்காயை மென்றபடி வந்துவிடுவாள்.

போன மாவட்டப் போட்டியில் அவளுடைய குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கிப் போயின. “அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சுங்க” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கண் டாக்டரிடம் காட்டினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதன்பின் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தாள். ஸ்கோப்பைப் பிடித்திருந்த வளையம் தளர்ந்து கிடந்தது. மாட்டிக் கொடுத்தவன் கிளப் செயலாளர் குணா. வளையத்தை அவளே முடுக்கினாள். அன்றிலிருந்து தன் துப்பாக்கியில் வேறு கை பட விடுவதில்லை.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள். காலையில் பஸ் படிக்கட்டில் துப்பாக்கிப் பெட்டி இடித்தது. கிளப்பில் பார்த்தால், ஸ்கோப்புக்குள் இலக்கைக் காட்டும் கூட்டல் குறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

குணா பதறிவிட்டான். “ஏனுங்க்கா, இப்பப் போயி கழட்டறீங்க? ஸ்கோப்புக் குமிழ ரெண்டு க்ளிக் திருப்புனாச் செரியாப் போயிருமுங்க.”

“சாஞ்சு நிக்கிறத க்ளிக் வச்சு நிமுத்த முடியாது தம்பி. குண்ட மேல தூக்குனா பக்கத்துலயும் சேத்து இழுக்கும். எம் பேரக் கடைசில போடுங்க.”

“அதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னா இந்த வருசம் அவ்வளவுதானுங்க.”

“போனாப் போவட்டும். கோணல வச்சிக்கிட்டுப் போயி உக்கார மாட்டேன்.”

பின்பக்க நடையின் கோடியில் ஆணியொன்றில் வெள்ளைத் தையல் நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டாள். இந்தக் கோடியில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்தாள். நூல் ஆடி அடங்கியது. ஸ்கோப்பை மெல்லத் திருப்பினாள். கூட்டல் குறியின் நெட்டுக்கோடு நூலின்மேல் படிந்து, நூலே மறைந்தது.

பிறகு திருகாணிகள். எதையும் ஒரேயடியாக முடுக்க மாட்டாள். இதில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம். வளையத்தின் இருபக்க இடைவெளியும் ஒன்றுபோல் குறைய வேண்டும். உள்ளே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது கேட்டது. கடைசி முடுக்கில் கோடு மயிரிழை விலகிவிட்டது. எல்லாவற்றையும் தளர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டபோது போய் உட்கார்ந்தாள். கணக்கில் சேராத பழகு குண்டுகள் குறிக்குக் கீழே விழுந்தன. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவள் முகம் தெளிந்தது. ஸ்கோப்பின் மேல்குமிழைத் திருப்பினாள். அடுத்த குண்டு மேலே ஏறியது, பக்கத்தில் துளியும் நகரவில்லை. அதற்குமேல் அவள் எதையும் தொடவில்லை, சுட்டாள்.

குணா பலகையில் பெயர்களை எழுதிவிட்டு ஓடிவந்தான். “அக்கா, டீம்ல கடைசி எடம் உங்களுதுங்க!”

“அப்படியா” என்று சிரித்தவள், கைப்பையைத் துழாவிச் சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். ஸ்கோப் இனி இம்மி நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும்படி, வளையத்தையும் குழலையும் சேர்த்து மெல்லிய கோடொன்று இழுத்தாள். பிறகு குனிந்து, அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள்.