செக்கிங் அன்றைக்கு எல்லோரும் மெதுவாக நடந்தார்கள்

அகதிகள் முகாமை ஒட்டிய உதவி மையத்தில் வேலை என்றால் சம்பளம் பெருக்கித் துடைக்கவும் டீ போடவும்தான். கவலைப்படுவது நாமாகச் சும்மா செய்து கொடுப்பது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் நான். அங்கே வெயில் மட்டும்தான் தொல்லை.

பால் விட்ட டீ

சேர்ந்த புதிதில், வந்தவர்களுக்கெல்லாம் பாலைத் தாராளமாக ஊற்றி டீ கொடுத்தேன். மரியாதைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பால் திரிந்துவிட்டதா, டம்ளரில் சோப்பு வாசனையா என்று நான் மோந்து மோந்து பார்த்தேன். சின்ன வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்து, இப்போது பெயிண்ட் வேலைக்குப் போகும் ராசதுரை அண்ணன்தான் கடைசியில் மனமிரங்கினார்.

"தங்கச்சி, எங்களுக்கு வெறுந்தேத்தண்ணி போதும். பாலைப் பூனைக்கு விடுங்கோ, அது உங்களைக் கும்பிடும்."

ஒரே நாளில் இரண்டு

அந்த ராசதுரை அண்ணனின் மகள் தர்ஷினி, புதுச்சேரியில் நர்சிங் கடைசி வருஷம். முகாமில் அவ்வப்போது செக்கிங் நடக்கும். அதிகாரி பெயர் கூப்பிடுவார், ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். உதவிப்பணம் நின்றுபோகும், திரும்பச் சேர்க்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். வியாழக்கிழமை என்று சொல்லியிருந்த செக்கிங்கை, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் திடீரென்று புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். புதன்கிழமை தர்ஷினிக்குக் கடைசிப் பரீட்சை. அனுமதி கேட்கவும் நேரமில்லை.

அன்று ராத்திரியே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "துப்பட்டா போட்டுக்கிட்டு அவளுக்குப் பதிலா நான் நிக்கட்டுமா?" என்று தர்ஷினியின் அம்மாவிடம் கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, உங்களைக் குமர்ப்பிள்ளை எண்டு நம்ப அந்த ஆபீசர் கண்ணை வீட்டில கழட்டி வச்சிட்டெல்லோ வரோணும்!"

மெதுவாக

அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். தர்ஷினி பரீட்சை முடித்துப் பஸ் பிடித்து வர மதியம் தாண்டும். யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் பெயர் கூப்பிட்டதும் ஓடி வருகிற ஜனம், அன்றைக்கு ஊர்வலத்தில் வருவதுபோல வந்தது. ஒருவர் பாதி வழியில் நின்று, அதிகாரி முன்னால் லுங்கியோடு வரலாமா என்று வேட்டி மாற்றத் திரும்பிப் போனார். ஒரு பெண் அடுப்பை அணைக்கப் போனாள். நான் சுவரோரமாக, போனும் கையுமாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அவங்கல்லாம் நல்லாத்தான் நடிக்கிறாங்க, நீங்கதான் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. யாரு வரணும், அதச் சொல்லுங்க."

கடைசிப் பெயர்

உளறிவிட்டேன். அவர் ராசதுரை அண்ணன் வீட்டு வரிசையை விட்டுவிட்டு, எதிர்க்கோடியிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் தப்பு நடந்தது. இவ்வளவு நல்ல மனுஷனை வெயிலில் நிறுத்தி வைப்பதா என்று, எல்லோரும் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஓடி வந்து நின்றார்கள்! "மெதுவா வாங்கப்பா!" என்று அதிகாரி எதிரிலேயே கத்திவிட்டேன்.

தர்ஷினி பெயர் ஒன்றுதான் பாக்கி என்கிறபோது ரோட்டில் பஸ் நின்றது. யூனிஃபார்மோடு ஓடி வந்து, "இருக்கேன் சார்" என்றாள். அதிகாரி டிக் போட்டார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தர்ஷினி என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"பரீட்சையில பயப்படவே இல்ல ஆன்ட்டி, பஸ்ஸ விட்டு எறங்கி உங்க மூஞ்சியப் பாத்ததும்தான் ஃபெயிலாயிட்டேனோன்னு பயந்துட்டேன்."

கூப்பிட்ட பெயருக்கு ஆள் வந்து நிற்கும் வரைக்கும் என் பெயர் என்ன என்பதே மறந்துபோகிற வேலை இது.