மூக்கையா ஆட்களிடம் போட்டுவைத்த பணம்

என் சகலை மூக்கையாவைப் போல ஒரு வடிகட்டின முட்டாளை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். முட்டாள் என்று சொன்னவனைப் பார்த்து, பாவம் இவனுக்குத் தெரியவில்லையே என்று இரங்குகிற சிரிப்பு. அதைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரைக்குப் போகிற மினி பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார். கைகாட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார். பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். டிக்கெட் எடுக்கக் காசில்லை என்று எவன் சொன்னாலும் நம்புவார். இதனால் அந்த ரோட்டில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு, அடுத்த பத்திரிகை மூக்கையாவுக்கு.

பத்திரிகை வந்தால் வெறுங்கையோடு போக முடியாது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு எதுவானாலும் போய்ப் பணம் வைக்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் செய்முறை என்று பெயர். வைத்தவனின் பெயரையும் தொகையையும் ஊர் கேட்க மைக்கில் வாசிப்பார்கள். வைத்தவன் வீட்டில் விசேஷம் வரும்போது, வாங்கியவன் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். கூட்டி வைத்தது புதுக் கணக்கு. அதை அடுத்த விசேஷத்தில் இவன் திருப்ப வேண்டும். இப்படியே ஒருவன் தலையை ஒருவன் தடவிக்கொண்டு காலம் போகும்.

மூக்கையா வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். திருப்பி வாங்க அவர் வீட்டில் விசேஷமே வரவில்லை. அவருக்கும் என் கொழுந்தியாள் நாகலெட்சுமிக்கும் பிள்ளை இல்லை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் ரயிலேறித் திருப்புல்லாணிக்கு வந்து, பாயசம் வாங்கிக் குடித்து, நாகர் சிலை வைத்துப் பிள்ளை வரம் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப்பேரைப் பஸ்ஸில் ஏற்றிப்போய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டவர் மூக்கையாதான். அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. மற்றவனாக இருந்தால் அடுத்தவன் பிள்ளைக்குக் காது குத்துகிற இடத்துக்குப் போகவே மனசு வராது. இவர் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

வயதான காலத்துக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று நான் கேட்டால், இந்தச் செய்முறையைத்தான் காட்டுவார்.

"சகல, நீங்க பேங்குல போட்டிருக்கீக. அந்தப் பேங்கு மொதலாளி மொகத்த ஒருநாளாவது பாத்திருக்கீகளா? நான் போட்ட எடம் அத்தனையும் எனக்கு மொகம் தெரியும், வீடு தெரியும். எங்கிட்டு ஓடிருவாக?"

ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரம் நான் பேங்க் வாசலில் வெயிலில் வரிசையில் நின்றேன். அவர் எனக்கு நேரே பஸ்ஸை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "என் பணம் இன்னைக்கும் செல்லும் சகல!" என்று கத்திவிட்டுப் போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அவர் ஒருவர்தான் முட்டாள் என்று சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கருவேலங்காட்டுக்குள் கல் நட்டு வெள்ளையடித்து, ஹைவேயை ஒட்டிய மனை என்று விற்கிறவன் ஏ.சி. காரில் வந்து அவரைக் கூட்டிப்போனான். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது பஸ் ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். செல்போனில் ஷேர் பார்க்கிற பையன் ஒருவன், மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்றான். அடுத்த மூன்றாம் மாதம் அவன் செல்போனே அடமானத்தில் இருந்தது. பவுன் இறங்கும் என்று ஒருவன், ஏறும் என்று ஒருவன். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாததைச் சத்தமாகச் சொல்கிறவனைத்தான் ஊர் நம்புகிறது.

நானும் பெரிய மேதாவி இல்லை. மின்வாரியத்தில் இருந்தேன், பென்ஷன் வருகிறது. அது என் சம்பளத்தில் கைவைத்துப் பிடித்துக்கொண்டவர்களின் புத்தி, என் புத்தி இல்லை. ஆனாலும் இரவில் எனக்குத் தூக்கம் வருகிறது.

பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்று ஆன பிறகு மினி பஸ்ஸில் ஏற ஆள் குறைந்தது. கொஞ்சநாள் இழுத்துப் பார்த்துவிட்டு முதலாளி பஸ்ஸை விற்றார். மூக்கையாவுக்கு பி.எப்., பென்ஷன் எதுவும் கிடையாது. முதலாளி ஒரு சால்வை போர்த்தினார். அந்தச் சால்வையை இவர் வீட்டில் மாட்டிவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அந்த வீட்டில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நாகலெட்சுமியின் ஐந்து பவுன் சங்கிலி. எங்கள் மாமனார் தம் இரண்டு பெண்களுக்கும் ஒரே எடையில் போட்டது. பவுன் விலை ஏறிக் கிடந்த நேரம். நாகலெட்சுமி என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், இத வித்துப்புட்டு, மாசாமாசம் வட்டி வர்ற மாதிரி போஸ்டாபீஸ்ல எம் பேருல போட்டுருவம்னு இருக்கேன். கஞ்சிக்காவது ஆகும். அவுககிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாக."

போய்ச் சொன்னேன். மூக்கையா அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"எதுக்கு விக்கணும்? அடகு வைப்பம். வைகாசியில எனக்கு அறுபதாம் கல்யாணம், அந்தக் காசுல நடத்துவம். ஊரெல்லாம் பத்திரிகை குடுப்பேன். நான் வச்சதெல்லாம் ஒரே நாளுல வீடு வந்து சேரும். சங்கிலிய மீட்டு, அவளுக்கு இன்னொரு சங்கிலியும் எடுத்துப் போடுறேன் பாருங்க."

"வராட்டி?"

"வராம எங்கிட்டுப் போவும்? போட்டது மனுசங்கிட்ட, சகல."

சங்கிலி அடகுக்குப் போனது. அன்றைக்கு நாகலெட்சுமி என்னைப் பார்த்த பார்வையில் நானும் ஒரு கையாலாகாதவன்தான். அவள் கிழவியான பின் அவளுக்கு யார் சோறு போடுவார்கள் என்பது முழுக்க அந்த ஒருநாள் கூட்டத்தின் கையில் போய்விட்டது.

ராமநாதபுரத்தில் மண்டபம் பிடித்தார். காலையில் திருப்புல்லாணி கோயிலில் தாலி கட்டிவிட்டு, மத்தியானம் மண்டபத்தில் கறிச்சோறு. சாலையில் மூன்று இடத்தில் பேனர். பேனரில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பஸ்ஸைக் காணோம்.

கூட்டம் வந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. செய்முறை மேசையில் இரண்டு பையன்கள் கம்ப்யூட்டரில் அடித்து ரசீது கொடுக்க, ஒருவன் மைக்கில் வாசித்தான். நூற்றைம்பத்தொன்று. இருநூற்றியொன்று. மறுபடி நூற்றைம்பத்தொன்று. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மூக்கையா ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலையாட்டல் நின்றது.

ஒருவனும் ஏமாற்றவில்லை. அதுதான் வேடிக்கை. வந்தவர்கள் எல்லாரும் வழக்கப்படிதான் செய்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் இவர் நூற்றியொரு ரூபாய் வைத்தார், அதில் அன்றைக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுக்கலாம். அவர்கள் ஐம்பது கூட்டி நியாயமாகத் திருப்பி வைத்தார்கள். அதைவிட அவர்கள் இலையில் விழுந்த கறிக்கு விலை அதிகம். இவர் கொண்டுபோய் வைத்த வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் செத்துப்போயிருந்தார்கள். சில வீட்டில் பிள்ளைகள் திருப்பூர், துபாய் என்று போய்விட்டார்கள். போகாத பிள்ளைகள், அப்பா காலத்துக் கணக்கு எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். விலைவாசி என்று ஒன்று இருப்பது இந்த மனிதருக்கு அறுபது வயதில், மாலையும் கழுத்துமாக, மைக் மூலம் தெரியவந்தது.

நாகலெட்சுமி எழுந்தாள். மாலையைக் கழற்றாமலே மேடையை விட்டு இறங்கிச் செய்முறை மேசைக்கு வந்து, பணப்பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசி ஆள் வைத்து முடிக்கிற வரை அசையவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தான், இங்கன வாங்க. அடகுக்கும் வட்டிக்கும் உள்ளத இப்பவே எண்ணிக்கங்க. நாளைக்கு மொத வேலையா எஞ் சங்கிலிய மீட்டுக் குடுங்க."

மூக்கையா ஓடிவந்தார். "ஏய், சமையக்காரன் நிக்கிறான். மண்டபத்துக்குப் பாக்கி குடுக்கணும். அவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

"மிச்சம் இருக்கிறதக் குடுங்க. பத்தலைன்னா ஒங்க ஆளுககிட்டப் போய்க் கேளுங்க. எல்லார் மொகமும் தெரியும்ல?"

பத்தவில்லை. ஒரு முகமும் உதவவுமில்லை. தம் டி.வி.எஸ். வண்டியை விற்று மண்டபப் பாக்கியைக் கட்டினார். ஆயுசு முழுக்கப் போட்டுவைத்ததில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆறு சுவர்க் கடிகாரம்.

சங்கிலியை மீட்டு, நாகலெட்சுமி சொன்னபடியே விற்று, தபாலாபீஸில் அவள் பேரில் போட்டோம். அந்தப் பாஸ்புக்கைக் கொடுக்கப் போயிருந்த அன்றுதான் வீரபத்திரன் வந்தான். மூக்கையாவின் பஸ்ஸிலேயே கண்டக்டராக இருந்தவன். வெற்றிலைத் தட்டும் பத்திரிகையுமாக வாசலில் நின்றான். ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். அறுபதாம் கல்யாணத்தில் ஆயிரத்தொன்று வைத்தவன் அவன், அன்றைய வசூலில் பெரிய கை. ஐந்நூறு திருப்பியது, ஐந்நூறு புதிது. அந்தப் புதிதைக் கூட்டித் திருப்புகிற முறை இப்போது மூக்கையாவுடையது.

வீரபத்திரன் குரல் கேட்டதும் மூக்கையா பின்கட்டுக்குப் போய்க் கக்கூஸுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். பத்திரிகைக்குப் பயந்து ஒளிகிற நிலைமைக்கு அந்த ஆள் வந்தது எனக்கே அசிங்கமாக இருந்தது.

நாகலெட்சுமி ஒளியவில்லை. தட்டை வாங்கவும் இல்லை.

"வருவாக தம்பி. ஆனா கையில ஒண்ணும் கொண்டாற மாட்டாக. இலை போடுவீகளா?"

வீரபத்திரன் என்னைப் பார்த்தான். "என்ன மதினி இப்பிடிக் கேட்டுப்புட்டீக" என்றான். போடுவேன் என்று சொல்லவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டான். இந்தப் பயலின் இளைய மகள் பிறந்த அன்று பஸ்ஸை ரூட்டிலிருந்து திருப்பி அவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மூக்கையா. அதற்கு ரசீது இல்லை, மைக்கிலும் வாசிக்கவில்லை. அதனால் அது கணக்கில் சேரவில்லை போலும். தூ!

மூக்கையா அந்தக் கல்யாணத்துக்குப் போனார். போகாதே என்று நான் சொன்னேன், போனார். பொழுது சாய்கிற நேரம் நேரே என் வீட்டுக்கு வந்தார். துவைத்த வேட்டி, நெற்றியில் சந்தனம்.

"இலை போட்டானா?" என்று கேட்டேன்.

"போட்டாக. கறியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "சாப்பிட்டுப்புட்டு, மைக்குல வாசிக்கிறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லார் பேரும் வந்துச்சு. கடேசி வரைக்கும் உக்காந்திருந்தேன் சகல."

"பணம் வைக்காதவன் பேர எவன் வாசிப்பான்? யோவ், உனக்கு இந்த வயசுலயும் அறிவு வராதா?"

"வந்துருச்சு சகல" என்றார்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு எங்கேயாவது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, வண்டி இல்லாததால், நடந்தே வீட்டுக்குப் போனார்.